பெட்டியில் வருவது பாதிதான்: ஒரு சமகாலக் கலைக்காட்சி எப்படித் திறக்கிறது?

"கலை மையத்தில் மூன்று புதிய காட்சிகள் திறப்பு" என்று ஒரு செய்தி வருகிறது. உள்ளே போனால் முதல் அறையில் சுவரின் மேலேயே பென்சிலால் இழுத்த கோடுகள். அடுத்த அறையில், ஒரு மூலையில் குவித்து வைத்த மிட்டாய். மூன்றாவதில் இருட்டு, அதற்குள் ஒரு வீடியோ. இதில் படைப்பு எது? இதற்கு யார் சொந்தக்காரர்? மூன்று மாதம் கழித்துக் காட்சி முடிந்ததும் அந்தச் சுவர்க் கோடுகள் எங்கே போகும்?

ரசனையைப் பற்றி எதுவும் பேசாமலேயே இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடலாம். ஒரு புத்தகம் வெளியாகும் நாளில் அது ஏற்கெனவே அச்சாகி அடுக்கப்பட்டிருக்கும். சினிமாவும் அப்படித்தான். ஆனால் சமகாலக் கலைக்காட்சியில் வைக்கப்படும் பல படைப்புகள், திறப்புக்கு இரண்டு வாரம் முன்புவரை எங்குமே இருப்பதில்லை. மரப்பெட்டியில் வந்து இறங்குவது பாதிதான். மீதி அந்த அறையில்தான் உருவாகிறது. குழப்பத்தில் பெரும்பகுதி இதிலிருந்து வருகிறது.

முதலில் சில சொற்கள்

1. சமகாலக் கலை. நவீன கலையும் இதுவும் ஒன்றில்லை. நவீன கலை என்று பொதுவாகச் சொல்வது ஏறத்தாழ 1860களில் தொடங்கி 1960கள் வரையான காலத்தை. சமகாலக் கலை அதற்குப் பின்னால் வந்தது, இப்போது உருவாகிக்கொண்டிருப்பதும் அதில் அடக்கம். கோடு எங்கே விழுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. நிறுவனங்களே இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. பாஸ்டனில் 1936-ல் தொடங்கிய ஒரு நிறுவனம் 1948-ல் தன் பெயரிலிருந்து 'நவீன' என்பதை எடுத்துவிட்டு 'சமகால' என்று வைத்துக்கொண்டது. அதற்கு விளக்கமாக ஓர் அறிக்கையே வெளியிட்டது.

2. கலை மையம். அருங்காட்சியகத்துக்கு நிரந்தரச் சேகரிப்பு உண்டு. அதைக் காப்பதுதான் அதன் முதல் வேலை. வணிக கேலரி படைப்புகளை விற்கும். கலை மையம் என்பது பெரும்பாலும் இந்த இரண்டையும் செய்யாது. சொந்தமாக எதையும் வைத்துக்கொள்ளாமல், மாறி மாறிக் காட்சிகளை நடத்துவதே அதன் தொழில். ஜெர்மன் பேசும் நாடுகளில் இந்த வகைக்கு 'குன்ஸ்ட்ஹாலே' என்றே தனிப்பெயர் இருக்கிறது. பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது: மினியாபொலிஸில் உள்ள வாக்கர் கலை மையத்திடம் பெரிய சேகரிப்பே இருக்கிறது. ஒஹையோவில் 1989-ல் திறந்த வெக்ஸ்னர் மையம் சேகரிப்பு இல்லாமலேயே இயங்குவது.

3. க்யூரேட்டர். யாருடைய படைப்புகளை, எந்த அறையில், எதற்குப் பக்கத்தில் வைப்பது என்று தீர்மானிப்பவர். பழைய பொருளில் சேகரிப்பைப் பாதுகாப்பவர். இப்போது காட்சியை உருவாக்குபவர் என்ற பொருளே முன்னால் நிற்கிறது.

4. இன்ஸ்டலேஷன். நிறுவல் கலை என்றும் எழுதுகிறார்கள். ஒரு பொருளைப் பார்ப்பதாக இல்லாமல், ஓர் இடத்துக்குள் நுழைவதாக அமைந்த படைப்பு.

சரி, சேகரிப்பே இல்லாத இடத்துக்கு எதற்கு அவ்வளவு மரியாதை? கிடங்கில் ஒன்றும் இல்லாததால் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைப் புதிதாகச் செய்தாக வேண்டிய கட்டாயம் அதற்கு இருக்கிறது. இரவல் வாங்கலாம், இல்லையென்றால் கலைஞரையே வரவழைத்து அங்கேயே செய்யச் சொல்லலாம். இரண்டாவது வழி எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரே ஒரு காட்சி உலகத்துக்குக் காட்டிவிட்டது.

பெர்ன், 1969

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் குன்ஸ்ட்ஹாலேவின் இயக்குநராக இருந்தவர் ஹரால்ட் ஸீமான். 1969 மார்ச்சில் அவர் ஒரு காட்சியைத் திறந்தார். முடிந்த படைப்புகளை வரவழைப்பதற்குப் பதிலாகக் கலைஞர்கள் பலரை அங்கேயே வந்து வேலை செய்ய விட்டார். மைக்கேல் ஹைஸர் கட்டடத்துக்கு வெளியே நடைபாதையைக் கட்டடம் இடிக்கும் இரும்புக் குண்டால் உடைத்தார். யோசப் பாய்ஸ் கொழுப்பைக் கொண்டுவந்து அறைக்குள் பூசினார். லாரன்ஸ் வைனர் சுவரில் மூன்றடிக்கு மூன்றடி சதுரமாகப் பூச்சைப் பெயர்த்து எடுத்தார். அந்தப் பெயர்ப்புதான் அவருடைய படைப்பு.

ஊரில் கடும் எதிர்ப்பு. ஸீமான் அந்த ஆண்டே பதவி விலகினார். எந்த நிறுவனத்தையும் சாராமல் காட்சிகளை உருவாக்கும் தனி க்யூரேட்டர் என்ற தொழில் அதன் பிறகுதான் ஒரு தொழிலாகவே உருப்பெற்றது. 1972-ல் ஜெர்மனியின் காஸல் நகரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய சமகாலக் கலைக் கண்காட்சியான டாக்குமென்டாவை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது.

வைனரின் சதுரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். காட்சி முடிந்ததும் அந்தச் சுவரை மறுபடி பூசிவிடலாம். ஆனால் படைப்பு அழிவதில்லை. அதற்கு ஓர் உரிமையாளர் இருக்கலாம், அவர் அதை வேறு ஊரில், வேறு சுவரில், வேறு ஒருவர் கையால் பெயர்க்கச் செய்யலாம். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அது இன்று இருக்கிறது. அங்கே இருப்பது சுண்ணாம்புத் துண்டு இல்லை, அந்தப் பெயர்ப்பை விவரிக்கும் ஒரு வாக்கியம்.

காகிதத்தில் இருக்கும் படைப்பு

நாடகப் பிரதிக்கும் மேடையேற்றத்துக்கும் உள்ள உறவை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். பிரதி ஒன்று, மேடையேற்றம் பல. சமகாலக் கலையின் ஒரு பெரிய கிளை இந்த முறையில்தான் இயங்குகிறது. மூன்று உதாரணங்கள்:

1. சால் லெவிட்டின் சுவர் ஓவியங்கள். முதலாவது 1968-ல் நியூயார்க்கில் வரையப்பட்டது. அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. கோடு எவ்வளவு நீளம், எந்தக் கோணம், என்ன நிறம் என்று அவர் எழுதிவைப்பார். வரைபவர்கள் வேறு ஆட்கள். 2007-ல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் மாஸ் மோகா கலை அருங்காட்சியகத்தில் அவருடைய 105 சுவர் ஓவியங்கள் புதிதாக வரையப்பட்டுக் காட்சிக்கு வந்தன. போலி என்று யாரும் சொல்லவில்லை. அந்த முறையே அதற்காகத்தான்.

2. ஃபீலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸின் மிட்டாய்க் குவியல், 1991. எய்ட்ஸால் இறந்த தன் துணைவர் ராஸின் உருவச்சித்திரமாக அவர் அமைத்தது. குவியலின் இலட்சிய எடை 175 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 79 கிலோ. பார்வையாளர் ஒரு மிட்டாயை எடுத்துக்கொள்ளலாம். குவியல் குறைகிறது, மீண்டும் நிரப்பப்படலாம். நோயில் மெலியும் உடல், ஒவ்வொருவர் வாயிலும் கரையும் இனிப்பு என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. எந்தக் கடையில் வாங்கிய மிட்டாய் என்பது இங்கே கேள்வியே இல்லை.

3. மௌரிட்ஸியோ கட்டெலானின் வாழைப்பழம். 2019 டிசம்பரில் மயாமியில் நடந்த கலைச் சந்தையில் சுவரில் டேப் ஒட்டிய பழம் 1,20,000 டாலருக்கு விலைபோனபோது உலகமே சிரித்தது. அதன் ஒரு பிரதி 2024 நவம்பரில் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவருக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழும், பழத்தை எந்த உயரத்தில் எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும். பழத்தை அவர் தின்றும்விட்டார். சிரிப்பதில் தவறில்லை; ஆனால் 'ஒரு பழத்துக்கா இவ்வளவு' என்று சிரிப்பது குறி தவறிய சிரிப்பு. ஒரு காகிதத்துக்கா இவ்வளவு என்று கேட்டால் அது சரியான கேள்வி. பதில் எனக்குத் திருப்தியாக இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு துப்புரவுச் சம்பவங்கள்

குப்பை என்று நினைத்துக் கலைப்படைப்பைச் சுத்தம் செய்துவிட்டார்கள் என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். எல்லாவற்றையும் ஒரே நகைச்சுவையாகப் படிக்கிறோம். ஆனால் இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், காகிதத்தில் இருப்பதற்கும் பொருளில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

2015-ல் இத்தாலியின் போல்சானோ நகரில் ஒரு சமகாலக் கலை அருங்காட்சியகம். காலிப் பாட்டில்கள், சிகரெட் துண்டுகள், வண்ணக் காகிதத் துணுக்குகள் என்று விருந்து முடிந்த அறைபோல அமைத்த இன்ஸ்டலேஷன் ஒன்று அங்கே இருந்தது. துப்புரவுப் பணியாளர்கள் முந்தைய இரவு நிகழ்ச்சியின் மிச்சம் என்று நினைத்துப் பைகளில் அள்ளிவிட்டார்கள். பைகளிலிருந்து எடுத்து மறுபடியும் அமைத்தார்கள், விஷயம் முடிந்தது.

2011-ல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் நடந்தது வேறு. மார்ட்டின் கிப்பென்பெர்கரின் படைப்பில் மரச் சட்டங்களால் ஆன கோபுரத்தின் அடியில் ஒரு ரப்பர் தொட்டி. அதில் காய்ந்த நீர்க்கறைபோல ஒரு பூச்சை அவரே பூசியிருந்தார். பணியாளர் அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். காப்பீட்டு மதிப்பு 8 லட்சம் யூரோ. கிப்பென்பெர்கர் 1997-லேயே இறந்துவிட்டதால், அந்தக் கறையை அவர் கையால் திரும்பப் பூச வழியில்லை.

பார்வைக்கு இரண்டும் 'குப்பை'தான். ஒன்றில் பொருள்களை மாற்றலாம், அமைப்புதான் படைப்பு. மற்றொன்றில் அந்தக் கறையே படைப்பு. ஒரு கலை மையம் காட்சிக்கு ஒப்பந்தம் போடும்போது முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான்: எது மாற்றத்தக்கது, எது ஈடு செய்ய முடியாதது? காப்பீட்டுத் தொகை, காவலுக்கு எத்தனை பேர், தடுப்புக் கயிறு வேண்டுமா என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

பெட்டி வந்த பிறகு

இரவலாக வரும் படைப்புகளின் பாதை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

1. இரவல் ஒப்பந்தம். எத்தனை நாள், எந்த அறை, எவ்வளவு வெளிச்சம், யார் தூக்கலாம் என்பதுவரை அதில் இருக்கும். காப்பீடு 'ஆணியிலிருந்து ஆணிவரை': சொந்தச் சுவரிலிருந்து கழற்றிய நொடியில் தொடங்கி, திரும்ப அங்கே மாட்டும்வரை.

2. நிலை அறிக்கை. கிளம்பும் முன், வந்து சேர்ந்த பின், திரும்பும் முன் என்று ஒவ்வொரு கட்டத்திலும் படைப்பின் ஒவ்வொரு கீறலையும் படத்தோடு பதிவு செய்வார்கள். பின்னால் சண்டை வந்தால் இதுதான் சாட்சி.

3. காத்திருப்பு. வந்த பெட்டியை உடனே திறப்பதில்லை. ஒரு நாளாவது அப்படியே வைத்து, உள்ளே இருக்கும் பொருள் அறையின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பழக விடுவார்கள். இல்லாவிட்டால் மரம் விரியும், வண்ணம் வெடிக்கும்.

4. வெளிச்சமும் காற்றும். தாளில் வரைந்தவற்றுக்கும் துணிக்கும் 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான். எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். 'ஏன் இங்கே இவ்வளவு மங்கலாக இருக்கிறது' என்ற புகாருக்குப் பதில் இதுதான். ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி அசையாமல் வைத்திருப்பது முன்பு வழக்கம். குளிர்சாதனத்துக்கு ஆகும் மின்சாரத்தைக் கணக்கில் கொண்டு, பெரும்பாலான பொருள்களுக்கு 40 முதல் 60 சதவீதம், 16 முதல் 25 டிகிரி செல்சியஸ் போதும் என்று பெரிய அருங்காட்சியகங்களின் கூட்டமைப்பு ஒன்று பின்னர் தளர்த்தியது.

இப்படி இரவல் வந்த பொருள்களுக்கு நடுவேதான் அங்கேயே உருவாகும் படைப்புகளுக்கும் தச்சர், மின்பணியாளர், வண்ணம் பூசுபவர் எல்லாரும் வேலை செய்கிறார்கள். மரத்தூள் பறக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் பெட்டி திறக்க முடியாது. எனவே யார் முதலில், யார் அடுத்து என்ற அட்டவணை மிக நெருக்கமானது. பல காட்சிகள் ஒரே நாளில் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அரங்குகளை ஒன்றாக மூடி, ஒரே குழுவை வைத்து ஒன்றாகத் திறப்பது செலவைக் குறைக்கும். அப்புறம் திறப்பு விழாவையும் ஒருமுறை நடத்தினால் போதும்.

சுவர்க் குறிப்பை வாசிப்பது எப்படி?

படைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அட்டையில் தலைப்பையும் ஆண்டையும் மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறவர்களே அதிகம். கடைசி வரிகளில்தான் சேதி இருக்கிறது.

1. 'அளவுகள் மாறக்கூடியவை'. இந்தப் படைப்பு ஒவ்வொரு அறையிலும் வேறு அளவில் அமையும். அதாவது பெட்டியில் பாதி மட்டுமே வந்தது.

2. 'மையத்தின் ஆணையில் உருவாக்கப்பட்டது'. இந்தக் காட்சிக்காகவே பணம் கொடுத்துச் செய்யச் சொன்னது. பணம் கொடுத்ததாலேயே மையம் அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை; பெரும்பாலும் கலைஞரிடமே திரும்பிவிடும்.

3. 'கலைஞர் மற்றும் இன்ன கேலரியின் அனுமதியுடன்'. படைப்பு இன்னும் விற்காமல் இருக்கலாம் என்பதற்கான நாசூக்கான அறிகுறி. மையம் விற்காது, ஆனால் மையத்தில் காட்சி நடந்தது என்ற ஒரு வரி கேலரிக்கு விலையை ஏற்ற உதவும்.

4. 'தனியார் சேகரிப்பு'. உரிமையாளர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை.

மூன்றாவதையும் நான்காவதையும் வைத்துப் பெரிய சர்ச்சைகள் வந்திருக்கின்றன. சார்லஸ் சாட்சி என்ற ஒரே சேகரிப்பாளரிடம் இருந்த இளம் பிரிட்டிஷ் கலைஞர்களின் படைப்புகள் 1997-ல் லண்டனிலும் 1999-ல் புரூக்ளினிலும் காட்டப்பட்டன. புரூக்ளின் காட்சிக்கு அவரே நிதியும் கொடுத்திருந்தது தெரியவந்தபோது, பொது நிறுவனத்தின் சுவரைக் கொண்டு தனியார் சொத்தின் மதிப்பை உயர்த்துகிறார்களா என்ற கேள்வி எழுந்தது. இரவல் பொருள்களைக் காட்டும்போது நிதி உறவுகளை எப்படி வெளிப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க அருங்காட்சியகங்களின் சங்கம் 2000-ல் நெறிமுறை வகுத்தது.

கலைஞருக்கு என்ன கிடைக்கும்?

'காட்சியில் இடம் கிடைப்பதே பெரிய பரிசு' என்ற பேச்சு நீண்ட காலம் ஓடியது. தச்சருக்குக் கூலி உண்டு, காவலருக்குச் சம்பளம் உண்டு, அறையை நிரப்புகிறவருக்கு மட்டும் விளம்பரம் போதுமாம்.

இதைச் சட்டமாகவே மாற்றிய நாடு கனடா. கலைஞர்கள் 1968-ல் அமைத்த கார்ஃபாக் என்ற சங்கம் காட்சிக் கட்டணத்துக்காகப் போராடியது. 1988-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் 'காட்சி உரிமை' சேர்ந்தது: அந்த ஆண்டு ஜூன் 7-க்குப் பிறகு உருவான கலைப்படைப்பை, விற்பனை அல்லது வாடகை நோக்கம் இல்லாமல் பொதுவில் காட்டவும் கலைஞரின் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் கட்டணம் கேட்கலாம். விற்பனை நோக்கத்துக்கு விலக்கு தந்ததில் தர்க்கம் இருக்கிறது. கேலரியில் படைப்பு விற்றால் கலைஞருக்குப் பங்கு உண்டு, கலை மையத்தில் விற்பனையே கிடையாது. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. 2008-ல் நியூயார்க்கில் தொடங்கிய வேஜ் என்ற அமைப்பு, முறையாகக் கட்டணம் தரும் நிறுவனங்களுக்குச் சான்று வழங்கும் வழியை எடுத்தது.

அறையிலேயே உருவாகும் படைப்புக்கு இந்தக் கட்டணம் இன்னும் முக்கியம். ஓவியத்தையாவது பின்னால் விற்கலாம். காட்சி முடிந்ததும் வெள்ளையடித்து மூடப்படும் சுவரை யாரிடம் விற்பது?

திறந்த பிறகும் மாறும்

திறப்பு நாளோடு வேலை முடிவதில்லை. 2010 அக்டோபரில் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய், பீங்கானால் செய்து கையால் வண்ணம் தீட்டிய ஏறக்குறைய 10 கோடி சூரியகாந்தி விதைகளைத் தரையில் பரப்பினார். மக்கள் அதன்மேல் நடக்கலாம், உட்காரலாம், கையில் அள்ளலாம் என்பதுதான் திட்டம். சில நாள்களிலேயே காலடியில் அரைபட்ட பீங்கான் தூசி மூச்சுக்குக் கேடு என்று தெரிந்தது. கயிறு கட்டினார்கள். அதன்பின் வந்தவர்கள் ஓரமாக நின்று பார்த்தது, முதல் நாள் வந்தவர்கள் பார்த்த படைப்பைத்தானா? நடப்பதற்காகச் செய்ததை நடக்காமல் பார்ப்பது வேறொரு அனுபவம் என்றே சொல்ல வேண்டும்.

மின்னணுக் கருவிகளைக் கொண்ட படைப்புகளில் மாற்றம் மெதுவாக வரும். கொரிய-அமெரிக்க வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக் 1988-ல் தென்கொரியாவில் 1,003 பழைய வகை டிவிப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய கோபுரம் 2018-ல் பாதுகாப்புக் காரணங்களால் அணைக்கப்பட்டது. கண்ணாடிக் குழாய்த் திரைகளை இப்போது கிட்டத்தட்ட யாரும் தயாரிப்பதில்லை. பழுதான திரைகளில் பலவற்றுக்குப் பழைய பெட்டிகளையே தேடிப் பிடித்தார்கள். கிடைக்காத இடங்களில் தட்டைத் திரையைப் பொருத்தினார்கள். 2022-ல் அது மறுபடி ஒளிர்ந்தது.

காட்சியைக் கழற்றும் வாரம்

காட்சி முடிந்த மறுநாள் அரங்கம் மூடப்படும். இரவல் வந்தவை மறுபடி நிலை அறிக்கை எழுதப்பட்டு, வந்த அதே பெட்டிகளில் ஏறும். அதற்காகவே காலிப் பெட்டிகளை எண் போட்டு மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பார்கள். கலைஞருக்குத் திரும்புபவை தனி வண்டியில் போகும். தற்காலிகச் சுவர்களின் பலகைகள் அடுத்த காட்சிக்காக ஒதுக்கப்படும்.

சுவரிலேயே வரைந்தவற்றுக்குப் பெட்டி கிடையாது. உருளைத் தூரிகையோடு ஒருவர் வந்து, இரண்டு மூன்று முறை வெள்ளை பூசுவார். சான்றிதழும் குறிப்பும் உரிமையாளரின் அலமாரியில் இருக்கும். பூச்சு காய்ந்ததும் அடுத்த காட்சிக்கான அளவுநாடா அதே சுவரில் நீளும்.